ஒரு பள்ளமும் ஒரு மொட்டைக் கோடும்

"ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துடலாமே" என்றார் பேராசிரியர்.

ஆய்வகத்தில் அவருக்குச் சராசரி சார் என்று பெயர். எந்த வேறுபாட்டுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான் உண்டு. ஏசியைப் பதினெட்டில் வை என்று ஒருவரும் இருபத்தாறில் வை என்று இன்னொருவரும் சண்டை போட்டால், இருபத்திரண்டில் வைத்து இருவரையும் சமமாக வருத்துவார். இப்போது அவர் மேசைமேல் இரண்டு வரைபடங்கள் கிடந்தன. ஒன்றில் கோடு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்து, நடுவில் திடீரென்று கிணற்றுக்குள் விழுந்து எழுந்தது. இன்னொன்றில் கோடு மொட்டைத் தலை மாதிரி வழவழவென்று போனது. இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவை.

"கூட்டி வகுத்தா பாதிப் பள்ளம் வரும் சார்" என்றாள் அவள்.

"வரட்டுமே. பாதியாவது வருதே."

"அப்படி ஒரு பள்ளம் ரெண்டு பேர் கணக்குலயும் இல்ல சார்."

சராசரி சார் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு யோசித்தார். பார்ப்பதை நிறுத்தினால்தான் அவருக்கு யோசனை ஓடும். "சரி, ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசித் தீர்த்துக்குங்க. ரெண்டு கோடும் ஒண்ணா சேர்ற வரைக்கும் கட்டுரை வெளிய போகாது."

சேர்ந்து உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளும் கட்டத்தையெல்லாம் அவர்கள் இருவரும் எப்போதோ தாண்டிவிட்டார்கள் என்பது அந்த ஆய்வகத்தில் சாரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். சுவருக்குக்கூடத் தெரியும்.

மொட்டைக் கோட்டை வரைந்த அவனுக்குக் கட்டம் என்றும், பள்ளத்தை வரைந்த அவளுக்கு முக்கோணம் என்றும் பட்டப்பெயர். தொழிலால் வந்த பெயர்கள். ஒரு கண்ணாடித் துண்டின்மேல், தலைமுடியைவிட நூறு மடங்கு மெல்லிய சிலிக்கன் குச்சிகளை ஜோடி ஜோடியாகப் படுக்க வைத்து, மேலிருந்து ஒளியைப் பாய்ச்சினால், எந்த நிறம் கீழே வந்து சேரும், எந்த நிறம் குச்சிகளுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்? இதுதான் கேள்வி. அந்தத் துண்டை ஒருமுறை நிஜமாகவே செய்தும் பார்த்தார்கள். மின்னணு நுண்ணோக்கியில் படமும் எடுத்தார்கள். ஒளியை அளப்பதற்குள், யாரோ ஒரு விருந்தினருக்குக் காட்டுகிறேன் என்று சராசரி சார் அதைக் கையில் எடுத்துத் தரையில் போட்டுவிட்டார். அதன்பிறகு கணினிதான் கதி.

கணினிக்குள் அவன் இடத்தையெல்லாம் குட்டிக் குட்டிக் கட்டங்களாக வெட்டுவான். ஒரு சொடுக்கு ஒளியை உள்ளே விட்டு, அது கட்டம் கட்டமாக, கணம் கணமாக எங்கே போகிறது என்று பின்னாலேயே ஓடுவான். அவள் இடத்தை முக்கோணங்களாக வெட்டுவாள். ஒளி ஆதிகாலத்திலிருந்தே எரிந்துகொண்டிருக்கிறது, எல்லாம் நடந்து அடங்கிவிட்டது, கடைசியில் நிலைமை என்ன என்று மட்டும் கேட்பாள். அவள் முறையில் நேரம் என்பதே கிடையாது. அவன் முறையில் நேரத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது. அவர்கள் காதலித்த லட்சணமும் ஏறக்குறைய இதுதான்.

காதல் முடிந்தது மாடிப்படியில். அவள் இரண்டு படி மேலே நின்றுகொண்டு, "இது நமக்கு ஒத்து வரலடா" என்றாள். அவன் காரணம் கேட்டான். அவள் சொல்லவில்லை. சண்டையும் போடவில்லை. அதுதான் அவனுக்குப் புரியவில்லை. டீயில் சர்க்கரை கூடிப் போனதற்கே அரைமணி நேரம் வாதாடக்கூடியவள் அவள். கடல் தாண்டிய ஓர் ஊரில், லென்ஸ் செய்யும் நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. இந்தக் கட்டுரையை அனுப்பிய கையோடு வந்து சேர்ந்துவிடுகிறேன் என்று அவர்களிடம் சொல்லியிருந்தாள்.

அவனும் ஆராய்ச்சியாளன்தானே, கணக்குப் போட்டுப் பார்த்தான். கோடுகள் சேர்ந்தால் கட்டுரை போகும். கட்டுரை போனால் அவள் போவாள். கோடுகள் சேராதவரை அவள் இங்கே, இந்த நாற்காலியில், அவன் முழங்கைக்குப் பக்கத்தில் இருப்பாள். இருந்தால் பேசுவாள், பேசினால் மனசு மாறுவாள். தன் பிழை நூறாண்டு வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்திய ஆராய்ச்சியாளன் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருக்க முடியும்.

விசாரணை தொடங்கியது.

"முதல்ல சிலிக்கன்" என்றாள். "எந்த நிறத்துக்கு ஒளி எவ்வளவு வளையும்ங்கிற பட்டியலை எங்கருந்து எடுத்த?"

"நீ குடுத்ததுதான்."

"நான் குடுத்ததையே போட்டியா, இல்ல உன் மென்பொருள் அதை இழுத்து நீட்டி அதுக்குப் பிடிச்ச மாதிரி ஒண்ணைப் போட்டுச்சா?"

ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பேனா முனை அளவுக்குக்கூட வித்தியாசம் இல்லை.

"சிலிக்கன் நிரபராதி. அடுத்தது உன் கட்டம். பெருசு பெருசா வெச்சிருக்க. குச்சியோட முனை வளைவா இருக்கு, உன்னோடதுல அது படிக்கட்டு மாதிரி நிக்குது."

"என் கட்டம் சரியில்லைன்னு எனக்கு எப்பவோ தெரியும்."

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது என்று நினைத்திருந்தவள் சிரித்த சிரிப்பு அது, மூக்கு வழியாக வந்தது. அந்த ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு அவன் மூன்று நாள் ஓட்டினான்.

கட்டங்களைப் பொடியாக்கினான். பள்ளம் வரவில்லை. ஓரங்களில் ஒளியை உறிஞ்சும் சுவரைத் தடியாக்கினான். வரவில்லை.

"ஒளி அடங்குறதுக்கு முன்னாடியே கணக்கை நிறுத்திடுறியோ?" என்றாள். "உள்ள மாட்டின ஒளி மெதுவாத்தான் வெளிய வரும். பாதியில விட்டுட்டு வந்தா தெரியாது."

"பாதியில விடுறவன் நான் இல்ல."

அவள் விசைப்பலகையிலிருந்த பிஸ்கட் தூளை ஊதினாள். அவன் கணக்கைப் பத்து மடங்கு நேரம் ஓடவிட்டான். மொட்டைக் கோடு மொட்டையாகவே வந்தது. அவளும் தன் முக்கோணங்களைப் பொடிப் பொடியாக்கிப் பார்த்தாள். பள்ளம் அசையாமல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

ஆனால் அந்த நாட்கள் நல்ல நாட்கள். ஒரே திரையை இருவரும் எட்டிப் பார்த்தார்கள். அவன் வாங்கி வைத்த பிஸ்கட்டை அவள் கேட்காமலே எடுத்தாள். ஒருமுறை பேச்சுவாக்கில் "நம்ம கட்டுரை" என்றாள். நம்ம! அவன் கழிப்பறைக்குப் போய்க் கண்ணாடி பார்த்துத் தலைவாரிக்கொண்டு வந்தான்.

அவள் சான்றிதழ் வாங்க அலுவலகத்துக்குப் போன ஒரு மத்தியானம், அவளுக்குக் காட்டலாமென்று ஒரு படம் தயாரித்தான். குச்சிகளுக்குள் ஒளி எப்படித் தங்குகிறது என்று வண்ணத்தில் காட்டும் படம். இடது குச்சி சிவந்து ஒளிர்ந்தது. வலது குச்சியும் அச்சு அசலாக அதேபோல் சிவந்து ஒளிர்ந்தது. அழகாகத்தான் இருந்தது. டீயை வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது.

வலது குச்சி குட்டை. வடிவமைப்பில் இரண்டும் ஒரே நீளம்தான். செய்தபோது ஒன்று கொஞ்சம் குட்டையாக வந்துவிட்டது. நுண்ணோக்கிப் படத்தைப் பார்த்து அவள்தான் சொன்னாள். அவனும் அதைக் குட்டையாகவே வரைந்து வைத்திருந்தான். திரையில் அது குட்டையாகத்தான் நின்றது. நீளமானதும் குட்டையானதும் எப்படி ஒன்றுபோலவே ஒளிரும்?

மென்பொருளின் செட்டிங்ஸில், நாலாவது பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம். அதற்குள் ஒரு டிக். பொருளின் ஒரு பாதியை மட்டும் கணக்கிடு, மறுபாதி இதன் கண்ணாடி பிம்பம் என்று வைத்துக்கொள் என்று அதற்கு அர்த்தம். குட்டைக் குச்சியை அவன் வரைந்தான், மென்பொருள் அதைத் திரையிலும் காட்டியது, ஆனால் கணக்கு ஒருநாளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நீளக் குச்சியையே இரண்டு முறை எண்ணிக்கொண்டிருந்தது.

அந்த டிக்கை வைத்தது அவன்தான். வேலை தொடங்கிய புதிதில், குச்சிகள் இரண்டும் ஒரே நீளமாக இருந்த காலத்தில். ஆய்வகத்துக்கு இருந்தது ஒரே ஒரு பெரிய கணினி. அவளுடைய முக்கோணங்களோ நினைவகத்தை வாரி விழுங்கும். இருவர் கணக்கும் சேர்ந்து ஓடினால் அவளுடையது முக்கால்வாசியில் செத்து விழும். அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததை ஒருநாள் பார்த்தான். யாரிடமும் சொல்லாமல் தன் கணக்கைப் பாதியாக்கி அவளுக்கு இடம் விட்டான். என்றைக்காவது அவளே கண்டுபிடித்து உருகிப் போவாள் என்று காத்திருந்தான். அவள் கண்டுபிடிக்கவில்லை. கோப்பிலிருந்து கோப்பு, அதிலிருந்து இன்னொரு கோப்பு என்று நகலெடுத்ததில் அந்த டிக்கை அவனும் மறந்துபோனான்.

டிக்கை எடுத்துவிட்டு ஓட்டினான். அவள் இல்லாததால் கணினி காலியாக இருந்தது. கோடு மெல்ல வரையப்பட்டது. வழவழவென்று வந்தது, வந்தது, பிறகு கால் இடறியதுபோல் விழுந்தது. பள்ளம். அவள் சொன்ன அதே இடத்தில், அதே ஆழத்தில். இரண்டும் சமமாக இருந்தால் ஒளி கண்டுகொள்ளாமல் கடந்து போய்விடும். ஒன்று கொஞ்சம் குறைந்தால்தான் அங்கே மாட்டிக்கொள்ளும். அவள் கண்டுபிடிப்பே அதுதான்.

அவன் அந்த வரைபடத்தை ஒரு மூலையில் சேமித்தான். பிறகு டிக்கைத் திரும்ப வைத்துவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்தான்.

மறுநாளிலிருந்து விசாரணையில் அவனைப்போல் உற்சாகமாக இருந்தவர் யாரும் இல்லை. கண்ணாடித் துண்டின் தடிமனைச் சந்தேகித்தான். மென்பொருளின் பதிப்பைச் சந்தேகித்தான். "கம்ப்யூட்டரே தப்பா கூட்டுதோ என்னவோ" என்றுகூடச் சொல்லிப் பார்த்தான்.

"நீ ஏன்டா இவ்வளவு குஷியா இருக்க?" என்றாள் அவள்.

"அறிவியல்னா அப்படித்தான்."

அவள் குஷியாக இல்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. பிஸ்கட் எடுப்பது நின்றுபோனது. தன் கணக்கை முதல் வரியிலிருந்து திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள். ஒருநாள் தண்ணீர் பிடிக்கப் போனவன், தாழ்வாரத் திருப்பத்தில் அவள் குரலைக் கேட்டு நின்றான். கைபேசியில் அந்த லென்ஸ் நிறுவனத்தாரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள் மட்டும் குடுங்க மேடம்... இல்ல மேடம், இந்த வேலையை விடுற எண்ணமெல்லாம் இல்ல... தப்பு என் பக்கம்தான்னு நினைக்கிறேன். கண்டுபிடிச்சிட்டு உடனே வந்துடறேன்."

அவன் காலி பாட்டிலோடு திரும்பி வந்தான். அன்றைக்கும் சொல்லவில்லை.

சொல்ல வைத்தது சராசரி சார். சராசரியில் நம்பிக்கை இழந்துவிட்டார் போலிருந்தது. "எனக்கு என்ன தோணுதுன்னா, அந்தப் பள்ளத்தை வெட்டிடலாம். ரெண்டு முறையில ஒண்ணுலதானே வருது? முக்கோணக் கோளாறா இருக்கும். மொட்டைக் கோடு பார்க்கவும் லட்சணமா இருக்கு. அதை மட்டும் போட்டு அனுப்பிடுவோம். கட்டம் பேரு முதல்ல வரட்டும். உன் பேரை நன்றி சொல்ற இடத்துல போட்டுக்கலாம்மா."

அவள் வாதாடுவாள் என்று அவன் காத்திருந்தான். சாரின் மேசையை ஒருமுறை தட்டுவாள், அவர் கண்ணாடியைக் கழற்றுவார், பிறகு எல்லாம் சரியாகிவிடும்.

"சரி சார்" என்றாள்.

மாடிப்படியில் கேட்ட அதே குரல். சண்டை போட ஒன்றும் மிச்சமில்லாத குரல். அந்தக் குரல் எப்படி உண்டாகிறது என்று அப்போதுதான் அவன் பக்கத்திலிருந்து பார்த்தான். கட்டட வேலை மாதிரி, நாள் கணக்காக, செங்கல் செங்கலாக ஒருவர் உண்டாக்க வேண்டியிருந்தது. இந்த முறை அதைச் செய்தது அவன்.

சார் போனதும், "இரு, ஒண்ணு காட்டணும்" என்று மூலையில் சேமித்ததைத் திறந்தான்.

அவள் பார்த்தாள். மேசையிலிருந்த தன் வரைபடத் தாளை எடுத்துத் திரையோடு ஒட்டிப் பிடித்தாள். தாளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது. பள்ளத்தின்மேல் பள்ளம் உட்கார்ந்தது.

"டேய்!" அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. "வந்துருச்சுடா! இருக்குடா! நான் பைத்தியம் இல்லடா!" கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "எங்கடா இருந்துச்சு?"

"பாதியத்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன். மீதியும் அப்படியேதான்னு ஒரு டிக் இருந்துச்சு."

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே. ஒண்ணு குட்டையா வந்திருக்குன்னு. கேன்டீன்ல உட்கார்ந்து."

"கேட்டேனே. குட்டையாத்தான் வரைஞ்சு வெச்சிருக்கேன், பாரு."

"வரைஞ்சிருக்க. கணக்குல சேர்க்கல." அவள் அந்தக் குட்டைக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதே அன்னைக்குத்தான் அந்த வேலைக்கு எழுதிப் போடப் போறேன்னும் சொன்னேன். எனக்கு இங்க மூச்சு முட்டுது, நீ என்னைக் கவனிக்கவே மாட்டேங்கறன்னும் சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

அவன் யோசித்துப் பார்த்தான். கேன்டீன் ஞாபகம் இருந்தது. டீ ஞாபகம் இருந்தது. குச்சியின் நீளம் கடைசி இலக்கம்வரை ஞாபகம் இருந்தது.

"எல்லாத்துக்கும் 'உம்'னு சொன்ன" என்றாள். குரலில் கோபம் இல்லை. அளவுகோலில் பார்த்ததைப் படித்துக் காட்டுவதுபோல் சொன்னாள்.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். பாதியாக ஓட்டியது சோம்பலால் அல்ல, உனக்கு இடம் விடத்தான் என்று. அவன் கையில் மிச்சமிருந்த ஒரே ஒரு நல்ல விஷயம் அது. வாயைத் திறந்தான். அதற்குள் அவள், "எப்ப கண்டுபிடிச்ச?" என்று கேட்டுவிட்டாள்.

"இப்பத்தான். காலையில."

வரைபடத்தின் வலது கீழ் ஓரத்தில், மென்பொருள் தானாகவே அச்சடிக்கும் தேதி சின்ன எழுத்தில் இருந்தது. அவள் கண் அங்கே போனது. அவனும் அங்கே பார்த்தான். அவள் தாழ்வாரத்தில் நின்று கெஞ்சியதற்கெல்லாம் வெகு முந்தைய தேதி அது. இனி அந்த நல்ல விஷயத்தைச் சொன்னால் அதையும் அந்தத் தேதியோடு சேர்த்துத்தான் எடைபோடுவாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

அவள் மௌஸைத் தன் பக்கம் இழுத்து, வரைபடத்தின் ஓரத்தைத் தேதியோடு சேர்த்து வெட்டினாள்.

"கட்டுரைக்கு இது வேண்டாம். அசிங்கமா இருக்கும்" என்றாள். எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினாள். "சார்கிட்ட நானே சொல்லிக்கறேன். கட்டம்தான் கண்டுபிடிச்சான்னு."

சராசரி சாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல? சேர்ந்து உட்கார்ந்து பேசினா எதுவும் தீர்ந்துடும்." பிறகு படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து முகம் சுளித்தார். "ஆனா ஒரு கோடுதானே தெரியுது? ரெண்டு பேர் தனித்தனியா கணக்குப் போட்டோம்னு எவன் நம்புவான்?"

கோடுகள் அவ்வளவு கச்சிதமாக ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. அவனுடையதைப் புள்ளிக் கோடாக்கினார்கள். புள்ளிகளுக்கு நடுவே அவளுடையது தெரிந்தது.

கட்டுரை போயிற்று. அவளும் கிளம்பினாள். ஆய்வக வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லோரிடமும் "போய்ட்டு வரேன்" என்றாள். சாரிடம் சொன்னாள், தண்ணீர் கேன் போடுகிறவரிடம்கூடச் சொன்னாள். அவனிடம் வந்ததும், "போறேன்டா" என்றாள்.

எத்தனையோ சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தான்.

"உம்" என்றான்.

அடுத்த வாரம் கணினி அறைக்குப் போனான். கணினிகளைப் பார்த்துக்கொள்பவரை ஏசி அண்ணன் என்பார்கள். வருஷம் முழுக்கக் குல்லா போட்டுக்கொண்டு அந்தக் குளிரில் உட்கார்ந்திருப்பவர். "வா தம்பி, மெஷின் ஹாயா இருக்கு. அந்தப் பொண்ணு கோப்பெல்லாம் எடுத்தாச்சு, அதோட லாகின் கணக்கையும் மூடியாச்சு. இனிமே நீ பாதி பாதியா ஓட்ட வேண்டியதில்ல."

"பாதியா ஓட்டினது உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாம? அதோட வேலை செத்து விழுதுன்னு நீதானே உன்னோடதைச் சுருக்கின. நான்தான் பார்த்துக்கிட்டு இருக்கேனே. கிளம்புறதுக்கு முந்தின நாள் கணக்கை மூட வந்துச்சு, அப்ப அதுகிட்டயும் சொன்னேன். உனக்காகத்தாம்மா அந்தத் தம்பி இத்தனை நாள் இடம் விட்டு வெச்சிருந்துச்சுன்னு."

ஏசி உறுமிக்கொண்டிருந்தது.

"என்ன சொன்னாண்ணே?"

"தோ, அந்த நாற்காலியிலதான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துச்சு. குளிருதாம்மான்னு கேட்டேன். இல்லண்ணேன்னுச்சு. அப்புறம் எழுந்திரிச்சு, 'சரிண்ணே, மூடிடுங்க'ன்னுட்டுப் போயிடுச்சு."

அவன் தன் இடத்துக்கு வந்து புதுக் கோப்பு ஒன்றைத் திறந்தான். நாலாவது பக்கத்தில் சின்னச் சதுரம் காலியாக இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு இரண்டு குச்சிகளையும் வரைந்தான். ஒன்று நீளம், ஒன்று கொஞ்சம் குட்டை. ஓட்டினான். கணினி முழுதும் அவனுக்கே என்பதால், டீ ஆறுவதற்குள் கணக்கு முடிந்துவிட்டது. பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் இருந்தது.